68 மி.மீ. ஏறிய ஜிம்னி: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி சுசுக்கி ஜிம்னி, ஜேபி43 வகை. 1.3 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கிடையாது. முதல் பத்து ஆண்டு முடிந்து, சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) இன்னொரு பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்ட பிறகு கைமாறியது. இப்போதைய உரிமையாளர் ஈசூனில் குடியிருக்கும் முப்பது வயதுக்காரர். வாரநாட்களில் வேலைக்கும், மகளைப் பாலர் பள்ளியில் விடவும் இதே வண்டிதான். விடுமுறை வந்தால் கடற்பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூர். ஸ்பிரிங்கும் டயரும் ரிம்மும் முந்தைய உரிமையாளர் மாற்றியவை. எதை எங்கே பொருத்தினார்கள் என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை.

எங்கள் பட்டறைக்கு அவர் கொண்டுவந்த புகார் இரண்டு. பிஐஇ விரைவுச்சாலையில் 70 கி.மீ. வேகத்தில் மேம்பாலத்தின் இணைப்பு மீது ஏறி இறங்கினால் ஸ்டீயரிங் இடமும் வலமும் உதறத் தொடங்கும். பிரேக் பிடித்து 40க்குக் கொண்டுவரும் வரை நிற்காது. இரண்டாவது, வளைவில் திரும்பியபின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, கையால்தான் இழுத்துக் கொண்டுவர வேண்டும். நேர்ச்சாலையிலும் வண்டி மெல்ல அலைகிறது.

புகாரோடு ஒரு விருப்பமும் வந்தது.

“அண்ணே, இன்னும் ஒரு இன்ச் ஏத்திடலாமா?”

“எதுக்குத் தம்பி?”

“கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்துல போனப்ப அடியில தட்டிடுச்சு. சத்தம் கேட்டு வீட்டுக்காரி பயந்துட்டாங்க.”

வண்டியைப் பட்டறையின் தூக்கு மேடையில் ஏற்றி, தட்டிய இடத்தைத் தேடினோம். முன் ஆக்சிலின் (இரு சக்கரங்களை இணைக்கும் அச்சு) டிஃபரன்ஷியல் கூட்டின் (விசையை இரு சக்கரங்களுக்கும் பகிரும் பல்சக்கரப் பெட்டி) அடியில் புதுக் கீறல், மண்ணோடு. சேஸிஸ் என்ற அடிச்சட்டத்திலோ கியர்பாக்ஸ் தாங்கியிலோ ஒரு தடமும் இல்லை. இந்த ஒரு கீறல் பல கேள்விகளுக்கு விடை. ஜிம்னியின் முன்னும் பின்னும் இருப்பது திட ஆக்சில். சக்கரத்தோடு டிஃபரன்ஷியலும் ஒரே தண்டில் கிடக்கிறது. ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் உடல்தான் மேலே போகும், அந்தக் கூடு தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாது. அதை உயர்த்துவது டயரின் விட்டம் மட்டும். கம்பெனி டயர் 205/70ஆர்15, விட்டம் 668 மி.மீ. இந்த வண்டியில் இருப்பது 215/75ஆர்15, விட்டம் சுமார் 704. வித்தியாசத்தில் பாதி, அதாவது 18 மி.மீ.தான் டிஃபரன்ஷியலுக்குக் கிடைத்த உண்மையான உயரம். ஸ்பிரிங்கால் உடலை உயர்த்தும் லிஃப்டுக்கும் பயன் உண்டு: மேடேறும்போது பம்பர் இடிக்காது, முகடு தாண்டும்போது வயிறு உரசாது, பெரிய டயருக்கு வளைவுக்குள் இடம் கிடைக்கும். ஆனால் இவர் சொன்ன சத்தத்துக்கு அது மருந்தில்லை. இதை அவருக்கு வண்டியின் அடியில் நிறுத்தி, கீறலைத் தொட்டுக் காட்டித்தான் சொன்னேன். வாயால் மட்டும் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

உயரத்தை அளந்தது

லிஃப்ட் எவ்வளவு என்பதைத் தரையிலிருந்து அளந்தால் டயரின் உயரமும் கலந்துவிடும். சக்கரம் மாட்டியிருக்கும் ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளப்பதே சரி. சமதளத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் அழுத்தி ஆட்டி ஸ்பிரிங்கை அமரவிட்டு அளந்தோம். கம்பெனி உயரத்தில் நின்ற இதே வகை வண்டி ஒன்றோடு ஒப்பிட்டதில் முன்னால் 68 மி.மீ., பின்னால் 54 மி.மீ. கூடுதல்.

முந்தையவர் “ரெண்டு இன்ச் லிஃப்ட்” என்று சொல்லி விற்றிருக்கிறார். பின்னால் கிட்டத்தட்ட அது சரி. முன்னால் ஏன் இத்தனை? சேஸிஸின் முன்முனையில் காலியான போல்ட் துளைகள், சுற்றிலும் தகடு உரசிய தழும்பு. ஒரு காலத்தில் இரும்பு பம்பரும், சேற்றில் சிக்கினால் வண்டியை இழுக்கும் வின்ச்சும் இருந்திருக்கின்றன. அந்த எடைக்கென்று வாங்கிய கடினமான ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, எடையை மட்டும் கழற்றியிருக்கிறார்கள். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 35 கிலோ. ஒரு மில்லிமீட்டர் அமுங்க இரண்டரைக் கிலோ கேட்கும் ஸ்பிரிங் என்றால், எடை போனதும் வண்டி 14 மி.மீ. எழும்பிவிடும். அச்சுக்கு முன்னால் தொங்கும் எடை என்பதால் நிஜத்தில் இன்னும் சற்று அதிகமாகவே எழும்பும். பெட்டியில் 50 மி.மீ. என்று எழுதியிருப்பது எந்த எடைக்கு என்று கேட்காமல் ஸ்பிரிங் வாங்கக் கூடாது. இரண்டாம் கையில் லிஃப்ட் செய்த வண்டி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பேன்.

உதறல்

உதறலையும் அலைச்சலையும் ஒரே கோளாறு என்று எண்ணுவதே இத்தகைய வண்டிகளில் பணம் வீணாகும் வழி. நாங்கள் இரண்டையும் தனித்தனியே எடுத்துக்கொண்டோம்.

வண்டியில் ஸ்டீயரிங்கின் அதிர்ச்சியைத் தணிக்கும் தடிமனான புது டாம்பர் ஒன்று இருந்தது. உதறலை அடக்க முந்தையவர் போட்டது. டாம்பர் உதறலை மறைக்கும், தீர்க்காது. அதைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத நேரத்தில் தொழிற்பேட்டைச் சாலையில் ஓட்டியபோது 50லேயே உதறல் எழுந்தது. டயர்களை பேலன்ஸ் செய்தோம். சிறிதே குறைந்தது. எனவே மூலம் வேறிடத்தில்.

அடுத்து முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஆட்டம் இருந்தது, இடப்பக்கம் அதிகம். இந்த ஆட்டம் வீல் பேரிங்கிலா, சக்கரம் இடமும் வலமும் திரும்பும் சுழல்முனையான கிங்பின்னிலா என்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மறுபடி அசைக்க வேண்டும். பிரேக் பிடித்தால் ஹப்பும், அதைத் தாங்கித் திரும்பும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடும். அப்போது ஆட்டம் மறைந்தால் குற்றம் வீல் பேரிங்கில். மறையாமல் நின்றால் கிங்பின்னில். இங்கே அப்படியே நின்றது. பிரித்துப் பார்த்தபோது கீழ்ப் பேரிங்கின் கப்பில் உருளைகள் ஒரே இடத்தில் அழுந்தி உண்டாக்கிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. கிரீஸ் தண்ணீரோடு கலந்து பழுப்பாகியிருந்தது. ஆற்றோடையைத் தாண்டிவிட்டு, சீலைப் பார்க்காமல் பல மாதம் ஓட்டினால் இப்படித்தான் ஆகும்.

பேன்ஹார்ட் ராட் அடுத்த சந்தேகம். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பது அந்த ஒற்றைக் கம்பிதான். சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திருப்ப, நான் அடியில் படுத்து அதன் முனையிலுள்ள ரப்பர் புஷ்ஷைப் பார்த்தேன். சேஸிஸ் பக்கத்து ரப்பர் கிழிந்து, போல்ட் தன் துளைக்குள்ளேயே நகர்ந்தது. துளை முட்டை வடிவமாகியிருந்தது. புஷ்ஷை மட்டும் மாற்றினால் ஒரு மாதம் தாங்கும், பிறகு பழைய கதைதான். துளை தேய்ந்த பிராக்கெட்டின் இருபுறமும் சரியான விட்டமுள்ள தடித்த வாஷரை வெல்டிங் வைத்துத் துளையைப் புதுப்பித்தோம். துருப்பிடித்த சேஸிஸ் என்றால் இந்த வேலையை யோசித்துத்தான் செய்ய வேண்டும். இதில் உலோகம் நல்ல நிலையில் இருந்தது.

ரிம்மும் இதில் பங்காளி. முந்தையவர் போட்ட ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் விலகியிருக்கும் தூரம்) காரணமாக டயர் மட்கார்டை விட்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அகலமாகக் கால் பரப்பி நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் டயரின் நடு, கிங்பின் அச்சை விட்டு விலக விலக, சாலையின் ஒவ்வொரு அடியும் ஸ்டீயரிங்கைத் திருப்பும் நெம்புகோலாகிவிடும். கம்பெனி ஆஃப்செட் ரிம்முக்குத் திரும்பினோம்.

நான்கு கிங்பின் பேரிங்குகளும் சீல்களும் புதிதாயின. இதில் முக்கியம் முன்னிறுக்கம், அதாவது பேரிங்கை ஆட்டமில்லாமல் முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு. இரு நக்கிள்களையும் இணைக்கும் டை ராடைக் கழற்றி, சீல் போடாமல், நக்கிளின் முனையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்து, நகரத் தொடங்கும் விசையைப் பார்க்க வேண்டும். கையேட்டில் உள்ள அளவுக்கு வரும்வரை மெல்லிய தகடுகளான ஷிம்களை எடுத்து இறுக்க வேண்டும், அல்லது சேர்த்துத் தளர்த்த வேண்டும். கையால் “டைட்டா இருக்கு” என்று தீர்மானிப்பவர்கள் செய்த வேலை பல தடவை திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உயரத்தைத் தொடாமல், இவ்வளவையும் முடித்துவிட்டு ஓட்டினோம். டாம்பர் இல்லாமலேயே உதறல் எழவில்லை. ஸ்டீயரிங் மட்டும் இன்னும் நேருக்குத் திரும்பவில்லை. இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

காஸ்டர்

கைவிட்டு ஓட்டினாலும் மிதிவண்டி நேராகப் போவதற்கு, அதன் முன் கவட்டை நேர்செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். அந்தச் சாய்வுதான் காஸ்டர். ஜிம்னியின் முன் ஆக்சிலை இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. அவற்றின் ஒரு முனை பின்னால் சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில். உடலை உயர்த்தினால், சேஸிஸ் முனையை மையமாக வைத்து ஆக்சில் கீழே சுழல்கிறது. கிங்பின்னின் தலை முன்னோக்கிச் சாய்கிறது. காஸ்டர் குறைகிறது. கையின் நீளம் 800 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், 68 மி.மீ. லிஃப்ட் கிட்டத்தட்ட 5 டிகிரியைப் பறித்துவிடும். கம்பெனி கொடுத்திருப்பதே சில டிகிரிதான். அலைன்மெண்ட் மேசையில் இரண்டு பக்கமும் பூஜ்யத்துக்குக் கீழே காட்டியது. வண்டி நேருக்குத் திரும்ப மறுத்ததில் வியப்பே இல்லை.

இந்த ஆக்சிலில் டோவை (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) திருத்தலாம். காஸ்டருக்குத் திருகாணி கிடையாது. மையம் விலகிய துளையுள்ள புஷ் போடலாம், கையின் சேஸிஸ் முனையைக் கீழிறக்கும் பிராக்கெட் போடலாம், வளைத்துச் செய்த புதுக் கை போடலாம். எதைச் செய்தாலும் ஒன்று கூடவே வரும்: காஸ்டரைத் திருத்த ஆக்சிலைப் பின்னோக்கிச் சுழற்றும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே போகிறது, ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டுக் கோணம் கூடுகிறது. ஜிம்னியில் ஹப்புகள் விடுபட்டு, இரு சக்கர ஓட்டத்தில் இருக்கும்போது முன் ஷாஃப்ட் சுழல்வதில்லை, அதனால் விரைவுச்சாலையில் அதிர்வு தெரியாது. நான்கு சக்கரத்தில் போட்டால்தான் வெளிப்படும். 5 டிகிரியையும் புஷ்ஷாலேயே மீட்கப் பார்ப்பது ஷாஃப்டைப் பலியிடுவதாகும்.

பின் ஷாஃப்ட் எப்போதும் சுழல்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக நடுவில் இருப்பதால் அது குட்டை. வீல்பேஸே 2,250 மி.மீ.தான். இரண்டு முனை மூட்டுகளின் கோணமும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று சமன்செய்யும். பின்னால் உயர்த்தும்போது, ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியலின் பினியன் மேல்நோக்கிச் சுழன்று அந்தச் சமம் கெடுகிறது. 54 மி.மீ.யில் 80 கி.மீ. வேகத்தில் இருக்கைக்கு அடியில் ஒரு முனகல் கேட்டது. உரிமையாளர் அதை டயர் சத்தம் என்றே நினைத்திருந்தார்.

ஆகவே என் தீர்மானம்: வண்டியை இறக்குவது. “ஏத்தத்தானே அண்ணே வந்தேன்” என்றார் அவர். முகம் சுருங்கியது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு காகிதத்தில் கணக்கு போட்டுக் காட்டினேன். சக்கரங்களுக்கிடையே அகலம் சுமார் 136 செ.மீ. கம்பெனி நிலையில் ஈர்ப்பு மையம் 65 செ.மீ. உயரம் என்று வைத்தால், அகலத்தை உயரத்தின் இருமடங்கால் வகுக்க 1.05 வரும். லிஃப்டும் டயரும் சேர்ந்து மையம் 72க்குப் போனால் 0.94. கவிழாமல் நிற்கும் திறனில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. பின்னிருக்கையில் குழந்தை உட்காரும் வண்டி, தினமும் விரைவுச்சாலையில் ஓடும் வண்டி. அவர் காகிதத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எவ்வளவு இறக்கணும்?” என்றார்.

இறக்கி அமைத்தது

கூடுதல் எடை இல்லாத வண்டிக்கான மென்மையான ஸ்பிரிங்குகளைத் தேர்ந்தோம். அமர்ந்தபின் முன்னால் 38, பின்னால் 40 மி.மீ. இந்த உயரத்தில் காஸ்டர் இழப்பு 3 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது, அதை மையம் விலகிய புஷ் ஈடுசெய்கிறது, ஷாஃப்டும் தாங்குகிறது. பின் ஷாஃப்டின் முனகல் போய்விட்டது.

ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அப்சார்பர்களில் ஒரு பழைய பிழை கிடந்தது. முன்னால் நீளமானவை போட்ட முந்தையவர், பின்னால் கம்பெனி நீளத்தையே விட்டிருந்தார். 54 மி.மீ. உயர்ந்து நிற்கும் வண்டியில் கம்பெனி அப்சார்பர் ஏற்கெனவே பெரும்பகுதி நீண்டுவிட்டிருக்கும். வேகத்தடையைத் தாண்டி சக்கரம் கீழே இறங்கும்போது அது தன் முடிவில் போய் இடிக்கும். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் நிறுத்துமிடத்தில் நுழையும்போதெல்லாம் பின்னால் கேட்ட “டொக்” அதுதான்.

புது அப்சார்பர்கள் வந்தபின் செய்த வேலையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பட்டறைகள் தாண்டிப் போவது இதைத்தான். ஸ்பிரிங்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, அப்சார்பரை மட்டும் மாட்டி, ஆக்சிலை ஜாக்கால், அது மேலேறும் எல்லையான பம்ப் ஸ்டாப் வரை தூக்கினோம். அப்சார்பரில் இன்னும் அமுங்க இடம் இருக்கிறதா, ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் உள்வளைவிலோ கையிலோ உரசுகிறதா என்று பார்த்தோம். முன்னால் அப்சார்பர் முன்பே முட்டியது. பம்ப் ஸ்டாப்புக்கு 25 மி.மீ. அடித்துண்டு வைத்தபின் சரியானது. வலப்பக்கம் டயர் கையை உரசியதால் ஸ்டீயரிங் நிறுத்துத் திருகை சற்று வெளியே எடுத்தோம். பிறகு ஆக்சிலைத் தொங்கவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி மறுபக்கத்தை இறக்கிப் பார்த்தபோது, முன் இடப்பக்க பிரேக் ஹோஸ் கம்பிபோல இழுபட்டது. காட்டில் ஒரு சக்கரம் குழியில் தொங்கும் நிலை அதுதான். அங்கே ஹோஸ் பிய்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. நீளமான ஹோஸ்கள் போட்டோம். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாயின் நீளமும் போதாமல் இருந்தது, அதையும் நீட்டினோம்.

புஷ் போல்ட்டுகள் எதையும் வண்டி தொங்கும்போது இறுக்கவில்லை. சக்கரம் தரையில், எடை அமர்ந்த நிலையில்தான் இறுதி முறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்ந்து சீக்கிரம் கிழியும்.

பின் பிரேக் தனிக்கதை. ஏபிஎஸ் இல்லாத இந்த வண்டியில் பின் ஆக்சிலோடு ஒரு ஸ்பிரிங்கால் இணைக்கப்பட்ட பிரேக் வால்வு உண்டு. பாரம் ஏறி உடல் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், காலியாக எழும்பினால் குறைக்கும். லிஃப்ட் செய்தால் வண்டி எப்போதும் காலி என்றே அந்த வால்வு நம்பும். நான்கு பேரும் சாமான்களும் ஏறியிருந்தாலும் பின் டிரம்கள் அரைகுறையாகப் பிடிக்கும். பிரேக் தாமதம் என்று உரிமையாளர் புகாரே செய்யவில்லை, பழகிப்போயிருந்தது. வால்வின் பிடிமானத்தைப் புது உயரத்துக்கேற்ப இறக்கி அமைத்தோம். முகப்பு விளக்குகள் எதிரே வருபவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தன, அவற்றையும் தாழ்த்தினோம்.

டயர் 215/75லேயே நிற்கிறது. முள் 90 காட்டும்போது, கம்பெனி டயரோடு காட்டியிருக்கக்கூடிய உண்மை வேகத்தைவிட 5 சதவீதம் அதிகமாக வண்டி ஓடும். கேமரா உள்ள விரைவுச்சாலையில் இதை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 235/75 போட்டால் டிஃபரன்ஷியலுக்கு இன்னொரு 15 மி.மீ. கிடைத்திருக்கும். அதற்கு மறுபடி உயர்த்த வேண்டும், எஞ்சின் திணறும், மட்கார்டை விட்டு வெளியே வரும். அதற்குப் பதில் முன் டிஃபரன்ஷியலுக்குத் தடித்த இரும்புக் காப்பு ஒன்று போட்டோம். தோட்டத்து மண்பாதையில் லாரிகளின் இரு தடங்களுக்கு நடுவே உள்ள மேட்டைக் கால்களுக்கிடையே விடாமல், ஒரு பக்கச் சக்கரத்தை அதன் மேல் ஏற்றி ஓட்டச் சொன்னேன். காசு செலவில்லாத உயரம் அது ஒன்றுதான்.

விதி

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற வேண்டியவை, கூடவே கூடாதவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. சாமான் வாங்குமுன் எங்கள் திட்டத்தை அந்த விதிகளோடு ஒப்பிட்டு, பரிசோதனை நிலையத்திலும் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினோம். பத்து ஆண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். சாலை வரியில் 10 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் கூடுதல் கட்டணமும் உண்டு. பரிசோதனை நாளுக்கு மட்டும் பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு, மறுநாள் லிஃப்டை ஏற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜோகூரில் போட்டால் கேட்கமாட்டார்கள் என்போரும் உண்டு. வண்டியின் எண் சிங்கப்பூர் எண் என்றால் எங்கே பொருத்தினாலும் இங்குள்ள விதிதான், விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். அப்படிப்பட்ட வேலையை நான் எடுப்பதில்லை.

வண்டி பரிசோதனையில் தேறியது. பிரேக் உருளையில் பின் சக்கரங்கள் இரண்டும் சமமாகப் பிடித்தன. அடுத்த விடுமுறையில் கோத்தா திங்கி போய்வந்தபின் வரச்சொல்லி, எல்லா போல்ட்டுகளின் முறுக்கையும் மறுபடி பார்த்தோம். பேன்ஹார்ட் பிராக்கெட் அசையவில்லை. கிங்பின் சீல்களில் சேறு இருந்தது, உள்ளே தண்ணீர் போகவில்லை. டிஃபரன்ஷியல் காப்பில் இரண்டு புதுக் கீறல்கள். இடப்பக்கக் கையின் சேஸிஸ் முனைப் புஷ் இன்னும் பழையது, விளிம்பில் வெடிப்பு தெரிகிறது. ஜோடியாக மாற்றுவதற்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம், வந்ததும் காஸ்டரை மறுபடி அளக்க வேண்டும்.